பூ, மிருகம், பட்சி, ஊர்

பள்ளிக்கூடம் விடும் வேளையில் உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஒரு பட்சியின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று நாலு சொல் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அந்த நாலையும் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். தஞ்சைச் சீமையின் திண்ணைப் பள்ளிகளில் இருந்த இந்த வழக்கத்தை எழுதிவைத்தவர் 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர். 1940இல் 'ஆனந்த விகட'னில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்தாவது வயது நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் ஞாபக சக்தியை வளர்க்கச் செய்த ஏற்பாடு அது என்று காரணமும் சொல்லியிருக்கிறார்.

இந்த நாலு சொல் பாடத்துக்கும் கோட்டூர்புரத்துக்கும் என்ன தொடர்பு? தூரத்தைப் பார்த்தால் ரொம்பக் கிட்டம். ஐயரின் சுவடிகளைக் காக்கும் நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கிருந்து அடையாறு வழியே வந்தால் கோட்டூர்புரத்தில் ஒன்பது மாடி அண்ணா நூற்றாண்டு நூலகம். சர்தார் படேல் சாலைக்கு அந்தப் பக்கம் ஐ.ஐ.டி. வளாகம். பழைய நினைவுப் பயிற்சியின் பதிவு, இன்றைய படிப்பாளிகளின் கூடம், மனித மூளையை ஆராயும் மையம் என மூன்றும் ஒரு ஆட்டோ சவாரிக்குள் அடங்கிவிடும். ஆனால் இவற்றின் கதைகள் இருநூறு வருஷமாகத் தனித்தனித் தடத்தில்தான் வந்திருக்கின்றன.

திண்ணைப் பள்ளி ஞாபகத்தின் மேல் நின்ற பள்ளி. 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய பதிலில் எண்ணிக்கை மட்டுமல்ல, பள்ளியின் ஒரு நாளே இருக்கிறது. முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுன்னம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு. அப்புறம் வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கூடிக்கொண்டே போகும். இவ்வளவையும் ரசித்து எழுதிய அதே காம்ப்பெல்தான், செய்யுள்களைப் பிள்ளைகள் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள், பொருள் தெரிவதில்லை என்று குறையும் பட்டார். அந்த வசை இன்றுவரை ஓயவில்லை.

அந்த வசையில் பாதிதான் நியாயம். எண்சுவடியைப் பார்த்தால் தெரியும். மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்தப் பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்கினால் என்ன வரும் என்பது உட்பட முழு வாய்பாடும் நாக்கில் இருக்க வேண்டும். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பின்னே சொல்வது 'முறை'. நாள்தோறும் முறை சொல்லித்தான் எண்சுவடி மனத்தில் ஏறியது. களத்தில் நெல் அளக்கிறவனும் நிலத்துக்குக் குழிக்கணக்குப் போடுகிறவனும் விடையை யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. இந்தப் பள்ளிகளின் கணக்குப் பாடத்தை ஆராய்ந்த வரலாற்றாளர் செந்தில் பாபு, இங்கே நினைவு வெறும் உருப்போடுதல் அல்ல, அதுவே கற்கும் வழியாக இருந்தது என்று வாதிடுகிறார். மனத்தில் இருப்பதை வேண்டிய நேரத்தில் வேண்டிய வரிசையில் எடுத்து வேலை வாங்குவதுதான் பயிற்சியின் நோக்கம்.

இதில் ஒரு பகுதி கப்பலும் ஏறியது. 1789இல் எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மணலையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ஒரு பள்ளிக்கு 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. கூடவே பரீட்சை வந்தது. ஆயுசுக்கும் கைக்கு உதவ வேண்டும் என்று ஏற்றிய நினைவு, இன்ன தேதியில் இன்ன மண்டபத்தில் கொட்டிவிட்டு வரவேண்டிய சரக்காகிவிட்டது. பழைய பயிற்சிக்கு மிஞ்சியது மேடை. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். ஒரே அமர்வில் நூறு விஷயங்களில் கவனம் வைக்க வேண்டும். அவதானத்தில் வழக்கமாகக் கேட்பவை விசித்திரமானவை: முதுகில் விழும் நெல்மணிகளை எண்ணுவது, இடையிடையே அடிக்கும் மணியை எண்ணுவது, ஈற்றடி கொடுத்தால் வெண்பா முடிப்பது, கணக்குக்கு விடை சொல்வது, சதுரங்கம் ஆடுவது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். 'சதாவதானி' என்ற பட்டம் பாவலரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சாதாரண மனிதரால் ஒரு சமயத்தில் ஏழெட்டு விஷயத்துக்கு மேல் மனத்தில் பிடித்து வைக்க முடியாது என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். ஏன் ஏழு? 1995இல் லிஸ்மன், இடியார்ட் என்ற இருவர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். மூளையில் நொடிக்கு நாலு முதல் எட்டு முறை எழும் தீட்டா அலை ஒன்று இருக்கிறது. அதன் மேலேயே, நொடிக்கு நாற்பது முறை அளவில் காமா என்ற சின்ன அலைகள் ஓடுகின்றன. ஒரு தீட்டாவுக்குள் ஏழு காமா அளவில் அடங்கும். ஒரு காமாவுக்கு ஒரு விஷயம் என்று வைத்தால் கணக்கு ஒத்துவருகிறது. இது இன்றும் ஒரு கருதுகோள்தான். ஆனால் அவதானியின் சாமர்த்தியம் எதில் இல்லை என்பது இதிலிருந்து புரிகிறது: நூறையும் ஒரே சமயத்தில் ஏந்திக்கொண்டு அவர் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் உடனுக்குடன் உள்ளே அடுக்கி, வேண்டும்போது எடுத்தார்.

சின்ன மின்னலைகள் என்று சொல்லும்போது, அவை எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி எழும். ஒரு நரம்பணுவின் மின்மாற்றம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரியாது. மயிலாப்பூர் பங்குனித் தேரில் ஆளாளுக்கு இழுத்தால் வடம் நெளியும், தேர் நகராது. ஒரே குரலுக்கு எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். அதுபோல லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே வேளையில் ஏறி இறங்கினால்தான் தலைத்தோலில் ஒட்டிய தகட்டில் அலை எழும். அதுவும் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் சில பத்துப் பங்கு. ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையில் இதை முதலில் பதிந்தது 1924 ஜூலையில். நம்ப மாட்டார்கள் என்ற பயத்தில் ஐந்து வருஷம் வெளியிடவில்லை. வெளியிட்ட பிறகும், 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் செய்து காட்டும்வரை, பெரும்பாலோர் நம்பவில்லை.

அதே 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டே மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பொருளில்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்வது, சில நாள் உடனே தூங்க விடுவது, சில நாள் விழித்திருக்க விடுவது, பிறகு கேட்பது. எட்டு மணி நேரம் விழித்திருந்தால் பத்தில் ஒன்று தேறியது. தூங்கி எழுந்தால் ஐந்தாறு தேறின. தூக்கத்தில் புதிய சமாசாரம் எதுவும் உள்ளே வந்து பழையதை அழிப்பதில்லை, அதனால்தான் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். மூளை இரவில் சும்மா இருக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. பெர்கரின் அலையையும் கார்னெலின் அசையையும் சேர்த்துப் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மூளை அலை தமிழ்நாட்டுக்கு வந்தது வலிப்பு நோயோடு. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேகப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷம், சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். வலிப்பு மூளையின் எந்த மூலையில் கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க, தலைத்தோலில் தகடு ஒட்டி மூளை அலையைப் பதியும் இ.இ.ஜி.யை விட்டால் அன்று வேறு நல்ல வழி இல்லை. சாண்டி, ராமமூர்த்தி, மின்னலைப் பதிவில் தேர்ந்த எஸ்.டி. நரசிம்மன், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் ஆகிய நால்வர் 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். நாலே பேர்!

நினைவு மூளையில் எங்கே உருவாகிறது என்பதும் வலிப்பு அறுவையிலிருந்துதான் தெரிந்தது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஓர் இளைஞரின் வலிப்பைத் தீர்க்க, ஸ்கோவில் என்ற மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதியை எடுத்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பழைய ஞாபகங்கள் பெரும்பாலும் இருந்தன, புத்திசாலித்தனமும் குறையவில்லை. அவரைச் சோதித்து 1957இல் ஸ்கோவிலோடு சேர்ந்து எழுதிய பிரெண்டா மில்னர், சாண்டி பயின்ற அதே மான்ட்ரியல் நரம்பியல் கழகத்தைச் சேர்ந்தவர்.

சென்னையின் மருத்துவர்கள் இந்த அறிவோட்டத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தார்கள். ராமமூர்த்தியும் வி. பாலசுப்ரமணியமும் டி.எஸ். கனகாவும் அறுபதுகளில் மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியைத் துல்லியமாகச் செலுத்தும் அறுவையில் பெயர் பெற்றார்கள். ஆசியாவில் நரம்பியல் அறுவைக்கு வந்த முதல் பெண்களில் கனகா ஒருவர். கட்டுக்கடங்காத நடத்தை உள்ள நோயாளிகளை அமைதிப்படுத்தவும் அவர்கள் அந்த அறுவையைச் செய்தார்கள். அந்தக் கட்டுரைகளை இன்று படிக்கையில் உறுத்தத்தான் செய்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் ராமமூர்த்தி அடையாறை அடுத்த வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பியல் மையம் அமைக்க, மூளை மருத்துவம் கோட்டூர்புரத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

நோயாளியை விட்டால் அந்தத் தலைமுறையின் ஆர்வம் யோகியின் மேல் போயிற்று. பல்தேவ் சிங் 1961இல் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சின்னா ஆகியோரோடு டெல்லியிலிருந்து வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. தியானத்தில் இருந்த யோகிகளின் ஆல்ஃபா அலை, வெளிச்சம் காட்டினாலும் சத்தம் போட்டாலும் கலையவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் பனி போன்ற தண்ணீரில் கையை வைத்திருந்த இருவருக்கும் கலையவில்லை. ராமமூர்த்தியும் 1995இல் துரிய நிலையைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். விழிப்பு, கனவு, உறக்கம், அவற்றைத் தாண்டிய நாலாவது நிலை என்று பேசியவர்கள், மூன்றாவதான சாதாரண உறக்கத்தில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமாதி கவர்ச்சியான பொருள். பள்ளிப் பிள்ளையின் தூக்கம் அப்படி இல்லை.

உறக்கத்தில் நடக்கும் அந்த வேலையைக் கண்டுபிடித்தவை வேறு ஆய்வகங்கள். தூங்குகிறவரின் இ.இ.ஜி.யில் நூற்கதிர் போல நடுவில் பருத்து முனைகளில் மெலியும் குறுகிய அலைக்கொத்து வருவதை 1935இலேயே லூமிஸ் குழுவினர் பார்த்திருந்தார்கள்; எதற்கு என்று தெரியவில்லை. 1994இல் வில்சனும் மெக்நாட்டனும், எலிகள் பகலில் நடந்த இடங்களுக்குரிய ஹிப்போகாம்பஸ் அணுக்கள் அவை தூங்கும்போது மறுபடி சேர்ந்து துடிப்பதைக் காட்டினார்கள். பகலின் பாடம் இரவில் மறுபடி ஓடுகிறது. மனிதரில் அது நடக்கும் விதம் 2015இல், வலிப்புச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை வைத்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக எழும் மெத்தன அலை; அதன் மேட்டில் கதிர் அலை; கதிரின் பள்ளத்தில் ஹிப்போகாம்பஸின் அதிவேகச் சிற்றலை. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொள்கின்றன. ஹிப்போகாம்பஸ் தற்காலிகமாகப் பிடித்து வைத்ததை மூளைப் புறணி நிரந்தரமாக வாங்கிக்கொள்ளும் நேரம் அதுதான் என்பது இன்று பரவலாக ஏற்கும் விளக்கம்.

ஜெர்மனியின் லூபெக்கில் யான் போர்னின் குழு 2006இல் செய்த சோதனையைத் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மாலையில் சொல் இணைகளைப் படிக்கச் சொன்னார்கள். தூங்கிய பின் மெத்தன அலையின் வேகத்தில் மிக மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். காலையில் ஒப்பிக்கச் சொன்னார்கள். மின்சாரம் இல்லாத இரவுக்குப் பின், மாலையில் சொன்னதைவிட இரண்டு இணை அளவில் கூடுதலாக நினைவுக்கு வந்தது. மின்சாரம் கொடுத்த இரவுக்குப் பின் ஏறக்குறைய ஐந்து. பிற்பாடு வேறு ஆய்வகங்களில் இது சில சமயம் பலித்தது, சில சமயம் பலிக்கவில்லை. ஆனால் மின்சாரம் இல்லாமலே தூக்கம் நினைவுக்குக் கைகொடுக்கிறது என்பதற்கு நிறையச் சான்று சேர்ந்துவிட்டது.

உடனே 'நம் முன்னோருக்கு அன்றே தெரியும்' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. தெரியாது. உபாத்தியாயர் தூக்கத்தைச் சோதிக்கவில்லை, பிள்ளையைச் சோதித்தார். வாய்பாட்டை ராகமாகச் சொன்னதால் தீட்டா அலை கிளம்பியது என்பதும் அப்படித்தான். பேச்சில் அசைகள் நொடிக்கு நாலு முதல் எட்டு வரை விழுவது உண்மை. காதுக்குரிய மூளைப்பகுதி அந்த வேகத்தைப் பின்தொடர்வதும் உண்மை. அதுவும் ஹிப்போகாம்பஸ் நினைவைப் பதியும்போது எழும் தீட்டாவும் ஒன்றல்ல. 2016இல் வெளிவந்த ஜேம்ஸ் ஹார்ட்ஸெலின் ஆய்வையும் இந்தக் கூட்டம் தூக்கிப் பிடிக்கிறது. வேத பண்டிதர்கள் 21 பேரின் மூளையை ஹரியானாவின் மானேசரில் ஸ்கேன் செய்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்குச் சில பகுதிகளில், வலது ஹிப்போகாம்பஸ் உட்பட, சாம்பல் நிறப் பொருள் கூடுதலாக இருந்தது. ஓதியதால் அப்படி ஆனதா, அப்படிப்பட்டவர்கள்தான் ஓதுவதில் நிலைத்தார்களா என்று ஒரே ஒருமுறை எடுத்த படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வழக்கத்தின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. கொடுத்ததை உடனே கேட்காமல், ஓர் இரவு விட்டுக் கேட்டார்கள். நாள்தோறும் செய்தார்கள். பார்த்துப் படிக்க விடாமல், உள்ளேயிருந்து எடுத்துச் சொல்ல வைத்தார்கள். இந்த மூன்றும் நினைவை உறுதிப்படுத்தும் என்று பின்னால் சோதனைகள் சொல்லின. அனுபவத்தில் கண்ட கைமுறை அது. அந்த அளவுக்கு மதித்தால் போதும்.

இன்றைய கோட்டூர்புரத்துக்கு வருவோம். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடுத்த வருஷமே குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. நீதிமன்றத் தடையால் தப்பியது. அங்கே எப்போதும் நிறைந்திருப்பது சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி. டி.என்.பி.எஸ்.சி., வங்கி, ஐ.ஏ.எஸ். தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகள் கால அட்டவணையையும் விதி எண்களையும் உதடு அசைய உருப்போடுகிறார்கள். பரீட்சை நெருங்கினால் பலரும் முதலில் வெட்டுவது தூக்கத்தைத்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம், சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022இல் தொடங்கியது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், கருவின் இரண்டாம் மும்மாத மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களை 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அது அமைப்பின் வரைபடம். அலையின் வேலையும் அதே வளாகத்தில் நடக்கிறது. ஹேமா மூர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட கட்டுரை, ஒருவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் அவருடைய இ.இ.ஜி.யில் அவருக்கே உரிய தனி அடையாளம் இருக்கிறது என்று காட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரே குழுவினர், நினைவு மங்கத் தொடங்கிய முதியவர்களிடம் காமா அலை மற்றவர்களைவிட வலுக்குறைந்திருப்பதை அதே ஆண்டில் பதிந்தார்கள். கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது, கணக்கிடும் திறமையும் இருக்கிறது.

எனவே ஐ.ஐ.டி.க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அக்கம்பக்கத்து மாநகராட்சிப் பள்ளி ஏதாவதொன்றில், பெற்றோர் சம்மதத்தோடு, ஐயர் எழுதிவைத்த பாடத்தை ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். ஒரு வகுப்புக்கு மாலையில் நாலு சொல் கொடுத்துக் காலையில் கேளுங்கள். இன்னொரு வகுப்புக்குக் காலையில் கொடுத்து மாலையில் கேளுங்கள். விருப்பமுள்ள சில பிள்ளைகளுக்கு இரவில் இ.இ.ஜி. தொப்பி மாட்டிப் பாருங்கள். சொற்களுக்குப் பஞ்சமில்லை: செம்பருத்தி, மரநாய், நாகணவாய், சீர்காழி.